ரயிலா, காரா? முன்பே சொன்ன கணக்கு

1970களின் தொடக்கம். சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 'பார்ட்' ரயில் வரப்போகிறது. வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அதில் ஏறுவார்கள்? அதிகாரப்பூர்வக் கணிப்பு 15 சதவீதம். பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடனின் குழு சொன்னது 6.3. நடந்தது 6.2!

எப்படி? கார், பேருந்து, ரயில் ஒவ்வொன்றுக்கும் செலவு, பயண நேரம், நடை எல்லாவற்றையும் எடைபோட்டு ஒரு மதிப்பெண். அது கூடினால் தேர்வாகும் நிகழ்தகவும் கூடும். கட்டணத்தை ஏற்றினால் மதிப்பெண் இறங்கும். எத்தனை பேர் நழுவுவார்கள் என்பதும் கணக்கில் வந்துவிடும்.

ஓர் ஓட்டை உண்டு. பயணிகள் காருக்கும் சிவப்புப் பேருந்துக்கும் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்வோம். அதே பேருந்துக்கு நீல வண்ணம் அடித்து இன்னொன்று விட்டால், ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்கிறது இந்த எளிய மாதிரி. பெயிண்டைப் பார்த்தா காரை விடுவார்கள்? ஒத்த தேர்வுகளை ஒரே குழுவாக்கும் 'நெஸ்டட் லாஜிட்' அதற்காகவே வந்தது.

மெக்ஃபேடனுக்கு 2000இல் நோபல் பரிசு.