மின்கார் பேட்டரியின் ஆயுளும் வாங்கியவரின் உரிமையும்

மின்சாரக் காரின் விலையில் தனியொரு பாகமாகப் பெரும்பங்கைப் பெறுவது அதன் பேட்டரி. கதவோ விளக்கோ பழுதானால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆறுதலடையும் சொந்தக்காரர், பேட்டரி கெட்டுவிட்டது என்று கேட்டதும் திகைத்து நிற்பதற்கு, அதன் மாற்று விலை பல லட்சங்களைத் தொடுவதே காரணம். அப்படியிருந்தும், கார் வாங்கும் நாளில் அதன் நிறத்தையும் வேகத்தையும் ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தையும் துருவித் துருவி விசாரிக்கிற நம்மவர்களில் எத்தனை பேர், எட்டாண்டு கழித்து அந்த பேட்டரியில் எவ்வளவு சக்தி எஞ்சியிருக்கும், குறைந்துபோனால் அதற்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறார்கள்? பேட்டரியைப் பேணுவது சொந்தக்காரரின் கடமை. பேணியும் அகாலத்தில் கெட்ட பேட்டரிக்கு ஈடு செய்வது அதைச் செய்து விற்றவரின் கடமை. முன்னதை மட்டும் ஓயாமல் உபதேசித்துப் பின்னதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இன்றைய கார்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக வியாபாரத்துக்குக் கொண்டுவந்த இந்த வகைக்கு அடிகோலிய ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதும் மீள்வதுமே இதன் தொழில். புதிய பேட்டரி முதல் சில தடவை சார்ஜ் ஆகும்போதே, அதன் கிராஃபைட் முனையின்மேல் பாலின்மீது ஆடை படிவதுபோல மெல்லிய ஏடு ஒன்று படிகிறது. அந்த ஏடு இல்லாவிட்டால் பேட்டரி நிலைத்திராது. ஆயினும் அது தடிக்கத் தடிக்க, போய்வர வேண்டிய லித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறபடியால், கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. இந்தத் தடிப்பைத் துரிதப்படுத்துபவற்றுள் தலையானவை உஷ்ணமும், முழுதும் நிரம்பிய நிலையில் நெடுநேரம் வைத்திருத்தலுமாகும். கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் இந்தத் தேய்வு நிற்பதில்லை.

உஷ்ணம் விளைவிக்கும் கேட்டை உலகம் கண்கூடாகக் கண்ட இடம் அமெரிக்காவின் அரிசோனா மாகாணம். நிஸான் நிறுவனம் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த லீஃப் என்னும் காரின் பேட்டரிக்குத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு கிடையாது. மிதமான சீதோஷ்ணமுள்ள ஊர்களில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆனால் பாலைவனத்து நகரமான ஃபீனிக்ஸில் ஒன்றிரண்டு கோடைகளைக் கழித்த கார்களின் முகப்புப் பலகையில், பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. 2012-ஆம் ஆண்டில் அந்த ஊர்க்காரர்கள் வெறுமே முறையிட்டுக் கொண்டிராமல், தங்கள் கார்களை ஒருங்கே கொணர்ந்து ஓட்டிச் சோதித்து, எவ்வளவு தூரம் குறைந்திருக்கிறது என்பதைக் குறித்துவைத்தார்கள். நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. அதன்பின், 5 ஆண்டு அல்லது 60,000 மைல் என்ற எல்லைக்குள் கொள்ளளவு 9 கோடுகளுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் செப்பனிட்டோ மாற்றியோ தருவதாக நிறுவனம் உறுதியளித்தது. அதற்கு முன்பே விற்றுவிட்ட கார்களுக்கும் அவ்வுறுதியை விரித்தது. அதுவரை, பேட்டரி அடியோடு பழுதாவது ஒன்றே உத்தரவாதத்துக்குரிய குறை என்றும், நாளடைவில் வலுக்குறைவது இயற்கை என்றும் கருதப்பட்டு வந்தது. இயற்கையான தேய்வுக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் அது குறைபாடே என்ற கொள்கையை வாங்கியவர்களின் விடாமுயற்சி நிலைநாட்டியது. 2022-இல் ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறை மன்றம் வகுத்த உலகளாவிய விதி ஒன்று, 5 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வரையில் 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரையில் 70 சதவீதமும் கொள்ளளவு எஞ்சியிருக்க வேண்டும் என்று அந்த எல்லையை எண்ணிலேயே வரையறுத்திருக்கிறது.

வேலூரிலும் திருச்சியிலும் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் நாட்டில் சொந்தக்காரர் கைக்கொள்ள வேண்டிய வழக்கங்கள் சில உண்டு. நிழலில் நிறுத்துவது அவற்றுள் முதலாவது. நெடுஞ்சாலையில் உச்சி வெயிலில் ஓடிவந்த காரை உடனே சார்ஜில் மாட்டாமல், அவசரமில்லாதபோது சற்று ஆறவிட்டு மாட்டலாம். வீட்டில் இரவின் பிற்பகுதியில் மெதுவாக ஏற்றுவது இன்னும் நல்லது. அதிவேக சார்ஜரைத் தொட்டாலே பேட்டரி அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தூரப் பிரயாணத்துக்கென்று அமைந்த அந்த வசதியைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ளாமல் இருந்தால் போதும். எந்த அளவுக்கு நிரப்புவது என்பதில் பேட்டரியின் ரகம் அறிந்து நடக்க வேண்டும். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த ரகமானால், நித்திய உபயோகத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்தி, வெளியூர் புறப்படும் தறுவாயில் மட்டும் முழுதும் நிரப்புவது உத்தமம். இரும்பு பாஸ்பேட் ரகமோ முழுச் சார்ஜை அதிகம் தாங்கக்கூடியது. மேலும், இருப்பு மாறினாலும் அதன் வோல்ட் அளவு பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் காரின் கணினி தவறாக மதிப்பிட இடமுண்டு. அத்தவறு நேராதிருக்கவே, வாரம் ஒருமுறையாவது 100 சதவீதம் நிரப்பும்படி இந்த ரகத்துக்குச் சில நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. வாரக்கணக்கில் ஊரில் இல்லாதபோது, பாதியளவு சார்ஜோடு காரை விட்டுச் செல்வது எந்த ரகத்துக்கும் பொருந்தும். அடியோடு வற்றிய நிலையில் மாதக்கணக்காக விட்டுச் செல்வது ஆபத்து, அத்தகைய அஜாக்கிரதையைக் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்கவும் இடமேற்படும்.

தேய்வைக் காட்டிலும் உடனடியான அபாயங்களும் இருக்கின்றன. பல மணி நேரம் தொடர்ந்து மின்சாரத்தை இழுக்கும் சார்ஜரைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டுவது தீயை அழைப்பதற்குச் சமானம். அதற்கெனத் தனி வயரும் சரியான எர்த்தும் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்தே தீர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் பார்த்தோம். ஐபி 67 என்று விளம்பரங்களில் காணும் தரம், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிஷம் தாங்குவதற்கான சோதனையையே குறிக்கும். இரவு முழுதும் சாக்கடை கலந்த வெள்ளத்தில் நின்ற காருக்கு அது காப்பாகாது. அப்படி நின்ற காரை இயக்கவோ சார்ஜ் செய்யவோ முயலாமல், நிறுவனத்தாருக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும் தெரிவித்து, இழுத்துச் சென்று பரிசோதிக்கச் செய்வதே முறை. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுப் பாலிசி எடுப்பவரும், பேட்டரிக்குத் தேய்மானக் கழிவு எவ்வளவு என்பதை முன்னரே கேட்டறிவது அவசியம்.

இனி உரிமைக்கு வருவோம். இந்தியாவில் பல கார்களின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தரப்படுகிறது. இந்தப் பெரிய எண்களைக் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடாமல், எத்தனை சதவீதத்துக்குக் கீழே கொள்ளளவு இறங்கினால் அதைக் குறையாக ஒப்புக்கொள்வார்கள், அதை யார் எவ்விதம் அளப்பார்கள், கார் கைமாறினால் உத்தரவாதமும் கைமாறுமா, வாடகைக்கு ஓட்டினால் நிபந்தனை வேறாகுமா என்பவற்றைப் படித்தறிய வேண்டும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் பேட்டரியின் ஆரோக்கிய நிலை எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்கி, ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். ஃபீனிக்ஸ் நகரத்தார்க்குக் கைகொடுத்தது அத்தகைய கணக்கே.

உரிய காலத்துக்குள் கொள்ளளவு சரிந்தும் நிறுவனம் கைவிரித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணைக்கு வருகிறது. முதலில் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதில் தீராவிட்டால், காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருக்கும்வரை மாவட்ட ஆணையத்தை நாடலாம். கம்பெனி எங்கிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. குறையைச் சோதனைசாலைக்கு அனுப்பி அறிய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. குறை நிரூபணமானால் செப்பனிடவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்டஈடு தரவோ உத்தரவிடலாம். சுயதொழிலாகத் தாமே காரோட்டிப் பிழைப்பவரும் இச்சட்டப்படி நுகர்வோரே. வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்பதால், அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று ஒத்திப்போடச் சொல்லும் வாய்மொழி வாக்குறுதிகளை நம்பிக் காலம் கடத்துதல் தகாது.

மின்கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உத்தரவாதப் புத்தகத்தை எடுத்து, பேட்டரியின் கொள்ளளவு பற்றிய சதவீத எண் அதில் எங்கேனும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால், அந்த எண் என்னவென்று விற்பனையாளரிடம் கடிதமூலம் கேட்டு, பதிலையும் கடிதமாகவே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.