‘ப்ளடி’ சரி, ‘டார்லிங்’ தப்பு

2023 பிப்ரவரியில் ‘லியோ’ படத்தின் பெயரோடு ‘ப்ளடி ஸ்வீட்’ என்ற சொற்றொடரும் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை சொல்லித் திரிந்தார்கள், பெற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை. அக்டோபரில் அதே படத்தின் முன்னோட்டம் வெளியானபோது, விஜய் பேசிய ஒரேயொரு தமிழ் வசைக்கு எதிர்ப்புக் கிளம்பி, அந்த இடத்தில் ஒலியை நீக்கவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு தீபாவளிக்கு ‘ப்ளடி பெக்கர்’ என்றே ஒரு படம் வந்தது. பெயரைப் பற்றி யாரும் சண்டைக்குப் போகவில்லை.

ஆங்கிலேயர்களுக்கு அது அவ்வளவு லேசான சொல் அல்ல. 1914இல் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் கதாநாயகி ‘ப்ளடி’ என்றதும் லண்டனே அமளிப்பட்டது. 2006இல்கூட, அந்தச் சொல் இருந்ததற்காக ஆஸ்திரேலியச் சுற்றுலா விளம்பரம் ஒன்றுக்கு பிரிட்டன் தொலைக்காட்சியில் முதலில் தடை விழுந்தது.

எந்தச் சொல்லைச் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று சின்ன வயதில் மிரட்டினார்களோ, அதுதான் வளர்ந்த பிறகும் நாக்கில் கூசும். ஆங்கில வசைகள் நமக்கு வெளியிலிருந்து வந்தவை. அவற்றுக்காக இங்கே யாரும் அடி வாங்கியதில்லை. அதனால்தான் ராசிபுரம் பக்கத்துக் கல்லூரிப் பையன் அம்மா எதிரிலேயே ‘ஷிட்’ என்கிறான். அதையே தமிழில் சொல்லிவிட்டு அவன் வீட்டில் சோறு தின்ன முடியாது. பேரனை ‘ராஸ்கல்’ என்று கொஞ்சும் பாட்டிகளும் உண்டு. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பதை நம் இலக்கணம் ‘இடக்கரடக்கல்’ என்கிறது. இன்று அந்த வேலையை ‘டாய்லெட்’டும் ‘பீரியட்ஸ்’ஸும் பார்க்கின்றன. திருக்குறளில் மானத்தோடு நிற்கும் ‘மயிர்’ என்னவோ கெட்ட வார்த்தையாகி, ‘முடி’க்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டது. வசைச் சொற்களுக்கென்றே ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ என்று ஒரு நூல் எழுதியவர், நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகன்தான்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக்காரர்களுக்குக் ‘கூலி’ உரிமைச் சொல். ‘கூலி உயர்வு’ கேட்டுத்தான் போராட்டமே. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகள் வாழும் தென்னாப்பிரிக்காவில் அது அவமானச் சொல். காந்தியையே அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். இன்னும் மோசமானது ‘பரையா’. உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கூசாமல் எழுதுகின்றன. அகராதிக்கு அது சாதாரணச் சொல். நமக்கோ அது ஒரு சாதியின் பெயர், அதுவும் இழிவாகத் திரித்தது. இந்த வகைச் சொல்லில்தான் சட்டமும் கடுமை காட்டுகிறது. பட்டியல் சாதியினரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சான்றிதழில் அச்சாகும் அதே பெயர்தான்.

சாதாரண வசைக்கு வருவோம். வரப்புத் தகராறோ பஸ் சண்டையோ, புகார் போனால் ‘ஆபாசமாகத் திட்டினார்’ என்ற பிரிவு சேர்ந்துவிடும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296. மூன்று மாதம் வரை சிறை. ஆனால் திட்டினார் என்பது மட்டும் போதாது, சொல் ஆபாசமாக இருந்து பிறருக்குத் தொல்லை தந்திருக்கவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘காலேஜ் ரொமான்ஸ்’ வலைத்தொடர் வழக்கு இன்னும் சுவாரசியமானது. வசைகள் நிறைந்த அந்தத் தொடரைத் தன் அறையில் இயர்போன் மாட்டித்தான் பார்க்க முடிந்தது என்று டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி 2023இல் எழுதினார். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்தச் சொற்களை நேர்ப்பொருளில் எடுக்கக்கூடாது, அவை கோபத்தையும் எரிச்சலையும் காட்டுபவை; கொச்சை வேறு, ஆபாசம் வேறு என்றது. எனக்கு இது சரியாகவே படுகிறது.

அதற்காக, அகராதியில் நல்ல பெயர் எடுத்த சொல் எல்லாம் பத்திரம் என்று எண்ணவேண்டாம். அந்தமானில் பணியிலிருந்த பெண் காவலரை, குடித்திருந்த ஒருவர் ‘டார்லிங்’ என்று அழைத்தார். முன்பின் தெரியாத பெண்ணை அப்படி அழைப்பது பாலியல் சீண்டலே என்று 2024இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதிசெய்தது.