ஓடும்போது அணையும் எஞ்சின்

சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப் வண்டியின் எஞ்சின், ஓட்டுநர் சாவியைத் தொடாமலும் கிளட்ச்சைத் தவறவிடாமலும் இருக்கும்போதே தானாக அணைந்துபோவதைப் பலரும் வழக்கமான பழுதுகளில் ஒன்றாக மட்டுமே எண்ணுகின்றனர். ஆனால் அது நிகழும் இடத்தையும், வேகத்தையும், பின்னால் வரும் வண்டியையும் சேர்த்துப் பார்த்தால், பிரேக் பிடிக்காமல் போவதற்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்க ஆபத்து அது. நின்ற வண்டி மெக்கானிக் வந்து சேர்வதற்குள் மறுபடியும் ஸ்டார்ட் ஆகிவிடுவதும், வந்தவருக்குக் காட்ட எந்தக் குறையும் மிஞ்சாமல் போவதும் இந்தப் பழுதின் இயல்பு என்பதால், பழி பெரும்பாலும் ஓட்டுநர்மீதே விழுகிறது.

கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று பார்ப்பவருக்கு இந்த ஆபத்தின் அளவு எளிதில் விளங்கும். விழுப்புரத்திலிருந்து வளவனூர், புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையும், விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரை சுமார் 165 கிலோமீட்டர் நீளும் நெடுஞ்சாலையும் குறுக்கிடும் இடம் அது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும், சுற்றுவட்டார ஊர்களின் காய்கறியும் திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் பாதைகள் இவ்விடத்தைத் தொட்டே செல்கின்றன. இந்தச் சரக்கில் பெரும்பகுதி விடிவதற்குள் சந்தையில் இறக்கப்பட வேண்டியது என்பதால், பிக்கப் வண்டிகள் அதிகம் ஓடுவது இருட்டில்தான். விளக்குகள் மங்கிய நிலையில் சாலை நடுவே நின்றுபோகும் வண்டி, பின்னால் வரும் லாரியின் ஓட்டுநர் கண்ணுக்கு மிகத் தாமதமாகவே படும்.

இந்தச் சிறு சரக்கு வண்டிகள் பெருகிய வரலாறு மிகப் பழையதன்று. டாடா நிறுவனம் 2005 மே மாதத்தில் ஏஸ் வண்டியை அறிமுகப்படுத்தியபோது, அதில் இருந்தது 702 சிசி கொள்ளளவும் 16 குதிரைத்திறனும் கொண்ட இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டனர். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலிரோ பிக்கப் கிராமச் சாலைகளில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் அனைத்தும் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட வேண்டும் என்றானபின், இவ்வகை வண்டிகளின் எஞ்சின்கள் கணினியின் கட்டுப்பாட்டுக்குள் முழுமையாக வந்துவிட்டன. ஆகவே ஒரே சாலையில் இன்று இரண்டு தலைமுறை எஞ்சின்கள் ஓடுகின்றன. அவை அணையும் காரணங்களும் வேறுபடுகின்றன.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரையிலான இடத்துக்குள் நெருக்கப்பட்டு, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எனவே பழைய வகை டீசல் எஞ்சின் ஓடும்போது அணைந்தால், டீசல் போய்ச் சேரவில்லை என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும். புதிய வகையில் டீசல் ஒரு பொதுக்குழாயில் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தேக்கிவைக்கப்பட்டு, இசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி ஆணையிடும் கணத்தில் மட்டும் இன்ஜெக்டர் வழியே பீச்சப்படுகிறது. காமன் ரெயில் எனப்படும் இந்த அமைப்பில், தொட்டி நிறைய டீசல் இருந்தாலும், கணினி ஆணையிடாவிட்டால் எஞ்சின் அணைந்துவிடும்.

எஞ்சின் எப்படி அணைந்தது என்பதைக் கவனித்தவருக்குக் காரணத்தின் பாதி அப்போதே தெரிந்துவிடுகிறது. வண்டி முதலில் திணறி, மேட்டில் இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றால் டீசல் ஓட்டத்தில் தடை இருக்கிறது. எந்தத் திணறலும் இன்றி, சுவிட்சை அணைத்ததுபோல் நின்று, சக்கரங்களின் ஓட்டம் எஞ்சினை இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் வேகம் காட்டும் முள் சுழியத்தில் விழுந்தால், சென்சார் ஒன்றின்மீது ஐயம் கொள்ளலாம். முகப்பு விளக்குகள், ஹாரன், மீட்டர் பலகை எல்லாம் ஒருசேர இருண்டால் பேட்டரி முனையிலோ, எர்த் ஒயரிலோ, சாவி சுவிட்சிலோ தொடர்பு விட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை மெக்கானிக்கிடம் சொல்லக்கூடியவர் வண்டியை ஓட்டியவர் மட்டுமே. பட்டறைகளில் பொதுவாக அவரிடம் கேட்கப்படும் கேள்வியோ “டீசல் இருக்கா?” என்பதோடு முடிந்துவிடுகிறது.

டீசல் தடைகளில் மிகுதியும் ஏமாற்றுவது காற்று. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் தண்ணீர் ஏறாமல் போவதை அறிந்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் தொட்டிக்கும் உயரழுத்தப் பம்புக்கும் இடையே டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஆகவே அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வண்டிக்கு அடியில் எவ்வளவு தேடினாலும் ஈரம் தென்படாது. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதற்குச் செய்யும் சோதனை எளியது: ஃபில்டருக்குப் போகும் குழாயின் ஒரு பகுதியைக் கழற்றி, அங்கே கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கின்றனர். குறையற்ற வண்டியில் அந்தக் குழாயில் டீசல் அசைவதே தெரியாமல் தெளிவாக ஓடும். குறை உள்ளதில் கடுகளவு குமிழிகள் வரிசையாக நகர்ந்து வரும். கைப் பம்பை அழுத்தி, நுரைத்து வரும் டீசல் நுரையற்றுத் தெளியும்வரை வெளியேற்றுவதை ஏர் எடுப்பது என்கின்றனர். ஏர் எடுத்ததும் வண்டி ஓடிவிடுவதால் விரிசல் அப்படியே விடப்படுகிறது. அடுத்த வாரம் வேறோர் ஊரில் வண்டி மறுபடியும் நிற்கிறது.

தொட்டியின் மூடியும் இதே அளவு கவனத்துக்கு உரியது. டீசல் குறையக் குறைய அதன் இடத்தை நிரப்பக் காற்று வந்தாக வேண்டும். அதற்கான நுண்துளை மண்ணால் அடைபட்டாலோ, தொலைந்த மூடிக்குப் பதில் துளையற்ற மூடி போடப்பட்டாலோ, தொட்டிக்குள் வெற்றிடம் உருவாகி டீசல் வரத்து நின்றுவிடும். சிறிது நேரம் நின்றபின் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் வண்டி எதுவும் நடவாததுபோல் கிளம்பும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று உள்ளிழுக்கப்படும் ஓசை கேட்டால் காரணம் பிடிபட்டுவிட்டது.

தொட்டியைக் காலியாகும் நிலையிலேயே வைத்து ஓட்டும் வழக்கமும் இதனோடு சேர்கிறது. அன்றைய வாடகையில் ஐந்நூறு ரூபாய்க்கு மட்டும் டீசல் போட்டு ஓட்ட வேண்டிய நிலையில் உள்ள ஓட்டுநரைக் குறை சொல்வது நியாயமாகாது. எனினும் டீசல் அடிமட்டத்தில் இருக்கையில் வளைவுகளில் அது ஒருபுறம் ஒதுங்க, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. அடியில் படிந்த கசடும் ஃபில்டரை விரைந்து அடைக்கிறது. காமன் ரெயில் பம்புக்கு மசகாக இருப்பதும் அந்த டீசலே என்பதால், அது வறண்டு ஓடும் ஒவ்வொரு முறையும் பம்பின் உட்பாகங்கள் தேய்கின்றன.

மழைக்காலத்தில் தண்ணீர் இரண்டு வழிகளில் வருகிறது. டீசலில் கலந்து வரும் தண்ணீர் கனமானதாகையால் ஃபில்டரின் அடியில் தங்குகிறது. பல வண்டிகளில் அதை வடிக்க அங்கே ஒரு சிறு திருகு வைக்கப்பட்டுள்ளது. காற்றுக் குழாய் வழியே புகும் தண்ணீர் இதைவிடக் கொடியது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாகி, அரசூர் அருகே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்தே நின்றது. அத்தகைய வெள்ளத்தில் அணைந்துபோன எஞ்சினை மறுபடியும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்றைப்போல் தண்ணீர் சுருங்காது என்பதால், மேலெழும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

புதிய வண்டிகளில் ஐயத்துக்கு முதலில் உரியது கிராங்க் சென்சார். எஞ்சினின் முதன்மைத் தண்டோடு சுழலும் பல்சக்கரம் ஒன்றின் அருகே விரலளவே உள்ள இந்த உறுப்பு பொருத்தப்பட்டிருக்கும்; பற்கள் அதைக் கடக்கும்போது எழும் மின்துடிப்புகளைக் கொண்டுதான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி அறிகிறது. துடிப்பு நின்றால் எஞ்சின் சுழலவில்லை என்று கொண்டு, கணினி டீசலை நிறுத்திவிடும். பழசாகிய சென்சாரின் உள்ளிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பு விட்டு, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளக்கூடும். நண்பகலில் நாற்பது கிலோமீட்டர் ஓடியபின் நின்று, அரை மணியில் மறுபடி கிளம்பி, பட்டறையில் எந்தக் குறையும் காட்டாத வண்டியின் கதை பலமுறை இதுவே.

ஒயரிங் கோளாறுகளைப் பொறுத்தவரை, வெளியில் இருந்து வருபவையே மிகுதி. கூடுதல் விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்கும் இடையில் வெட்டி ஒட்டிய ஒயர், எரிந்த ஃபியூசுக்குப் பதில் சுற்றிய செம்புக் கம்பி, அறுவடைக் காலத்தில் களத்தருகே நிறுத்திய வண்டியில் எலி கடித்த இணைப்பு ஆகியவை ஒருபுறம். மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் கரைந்து சேசிஸ்மீது சொட்டும் உப்புநீர் எர்த் ஒயரின் முனையைப் பச்சை பூக்கச் செய்து அரிப்பது மறுபுறம். மீன் ஏற்றும் வண்டியை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவாமல் விடக் கூடாது.

எஞ்சின் அணைந்த கணத்தில் ஓட்டுநர் இழப்பது இழுவையை மட்டுமன்று. பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை எஞ்சின் உருவாக்குவதால், தேங்கிய உதவி ஓரிரு அழுத்தல்களில் தீர்ந்துவிடும். எனவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, நான்கு திசைவிளக்குகளையும் ஒளிரவிட்டு, உருளும் வேகம் இருக்கும்போதே இடப்புறம் ஒதுங்க வேண்டும். வண்டி முற்றிலும் நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது, உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு அழைக்க 1033 என்ற எண் உண்டு.

எல்லாக் குறையும் பராமரிப்பின் குறை என்று கொள்வதும் தவறு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் சுமார் 26 லட்சம் சிறு கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், சாவி சுவிட்சின் பிடிப்பு தளர்வாக இருந்து, குலுக்கலிலும் கனத்த சாவிக்கொத்தின் எடையிலும் அது தானே திரும்பி எஞ்சினை அணைத்ததுதான். அத்துடன் ஏர்பேக்குகளும் செயலிழந்தன. 124 பேரின் இறப்புக்கு அந்நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி ஈடு வழங்கியது. 2015-இல் 90 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தக் குறை நிறுவனத்துக்குள் பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும், வண்டி அணைவது வாடிக்கையாளருக்கு ஒரு வசதிக்குறைவு என்ற அளவிலேயே நெடுநாள் மதிக்கப்பட்டது என்பதுதான் வேதனைக்குரியது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 110ஏ பிரிவு, பாதுகாப்புக் குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளின் குறைகளை உரிமையாளர்கள் வாகன் இணையதளத்தில் பதியலாம். ஒரே வகை வண்டியின்மீது குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் விசாரணை தொடங்கும். ஆகவே பிக்கப் வைத்திருப்போர், எஞ்சின் அணைந்த நாள், நேரம், ஓடிய தூரம், வேகம், தொட்டியில் இருந்த டீசல், அப்போது எரிந்த எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றை டிரிப் நோட்டிலேயே ஒரு வரியில் எழுதிவைத்து, மெக்கானிக்கிடம் அதைக் காட்டி, குறை தீராமல் தொடர்ந்தால் அந்தக் குறிப்போடு புகாரையும் பதிய வேண்டும்.