வலையொலி ஆர்வலரும் மின்னியல் கருவிகளும்: பதிவு, பரப்பு, பாதுகாப்பு

முன்னுரை

வானொலி நிலையம் எதனையும் சாராத ஒருவர் தம் இல்லத்திலிருந்து பேசி, அப்பேச்சைத் தொடர் நிகழ்ச்சியாக இணையத்தின்வழி வெளியிடுவதை ஆங்கிலத்தில் பாட்காஸ்ட் என்பர். தமிழில் இதனை வலையொலி என வழங்குகிறோம். இன்று செய்தி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் வலையொலிகளை வெளியிட்டு வருகின்றன. எனினும், இத்துறையைத் தொடங்கி வளர்த்தவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் கருதாத ஆர்வலர்களே ஆவர். அவர்கள் கையாண்ட கருவிகள் எவை, அவை எவ்வாறு உதவின, எவ்விடத்தில் கைவிட்டன, ஆர்வலரின் பதிவுகள் நிலைத்து நிற்க என்ன செய்தல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். தோட்டப்புற வாழ்வை நினைவிற் கொண்டுள்ள முதியோரின் குரலைப் பதிவு செய்ய விழையும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்கும் இவ்விளக்கம் பயன்படும் என நம்புகிறோம்.

வலையொலியின் தோற்றம்

2000ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கணினி நிரலாளர் டேவ் வைனர், ஆர்.எஸ்.எஸ். எனப்படும் செய்தியோடை வடிவத்தின் 0.92ஆம் பதிப்பை வெளியிட்டார். ஓர் இணையத்தளத்தில் புதிதாக வெளிவருவனவற்றைப் பட்டியலிட்டு வாசகருக்கு அறிவிப்பது செய்தியோடையின் பணியாகும். அப்பதிப்பில் ‘இணைப்பு’ என்னும் புதிய கூறு சேர்க்கப்பட்டது. ஒலிக்கோப்பு இருக்கும் முகவரி, அதன் அளவு, அதன் வகை ஆகிய மூன்று செய்திகளை மட்டுமே அக்கூறு தாங்கியது. இன்றுள்ள வலையொலிகளுள் பெரும்பாலானவை இச்சிறிய கூறின்மீதே எழுப்பப்பட்டுள்ளன.

இக்கூறு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சுருக்கப்பட்ட 30 நிமிட எம்.பி.3 கோப்பு 14.4 மெகாபைட் அளவுடையது. அன்று பலரும் பயன்படுத்திய தொலைபேசி மோடத்தின் உயர்ந்த வேகம் நொடிக்கு 56 கிலோபிட் மட்டுமே. அவ்வேகம் குறைவின்றிக் கிடைத்தாலும் அக்கோப்பு வந்து சேர 34 நிமிடங்களுக்கு மேலாகும். அரை மணி நேர நிகழ்ச்சியைக் கேட்க அதனினும் நீண்ட நேரம் காத்திருக்க எவர் முன்வருவர்? கணினியே செய்தியோடையைப் பார்த்து, உரியவர் உறங்கும் நேரத்தில் கோப்பைத் தரவிறக்கி வைத்துவிட்டால் இத்துன்பம் நீங்கும். இவ்வெண்ணத்தை வைனரிடம் வலியுறுத்தியவர் முன்னாள் தொலைக்காட்சி அறிவிப்பாளரான ஆடம் கறி ஆவார். 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் ‘டெய்லி சோர்ஸ் கோட்’ என்னும் தம் நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

பாட்காஸ்டிங் என்னும் சொல்லை 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘தி கார்டியன்’ நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி முதன்முதலாகப் பயன்படுத்தினார். ஐபாட் என்னும் கருவிப் பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து பிறந்த சொல் அது. 2005ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளின் 4.9ஆம் பதிப்பில் வலையொலிகளைச் சேர்த்தது. அவ்வாண்டின் சிறப்புச் சொல்லாகப் புதிய ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி ‘பாட்காஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தது. ஐபாட் கருவியின் உற்பத்தி 2022ஆம் ஆண்டில் முற்றாக நிறுத்தப்பட்டது. கருவி மறைந்தபின்னும் அதன் பெயரைத் தாங்கிய சொல் வாழ்கிறது என்பது நோக்கத்தக்கது.

பதிவுக் கருவிகள்

தொடக்கக் கால ஆர்வலரிடம் இருந்த கருவிகள் இப்பணிக்கெனப் படைக்கப்பட்டவை அல்ல. 1992ஆம் ஆண்டில் சோனி அறிமுகப்படுத்திய மினிடிஸ்க் பதிவுக் கருவி சட்டைப்பையில் அடங்குவது. ஒலிவாங்கியை இணைத்துத் தெளிவாகப் பதிவு செய்யவும் வல்லது. ஆயினும், கையடக்க மினிடிஸ்கில் ஒருவர் தாமே பதிந்த பேச்சைக் கணினிக்கு நேராக மாற்ற நெடுங்காலம் வழியில்லை. இசைத்தட்டுகள் படியெடுக்கப்படுவதைத் தடுக்கும் நோக்குடன் வைக்கப்பட்ட கட்டுப்பாடு சொந்தப் பேச்சையும் கட்டிப்போட்டது. ஒரு மணி நேரப் பேச்சைக் கணினியில் ஏற்ற, கருவியை ஒரு மணி நேரம் ஒலிக்கச் செய்து மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஹை-எம்டி வகையில்தான் இத்தடை தளர்ந்தது.

2006ஆம் ஆண்டளவில் நினைவட்டையில் பதிவு செய்யும் கையடக்கக் கருவிகள் பரவின. எடிரோல் ஆர்-09, ஜூம் எச்4, அதற்கு அடுத்த ஆண்டில் வந்த ஜூம் எச்2 ஆகியன அவற்றுள் அடங்கும். இவை எவ்வகைக் கணினியும் திறக்கவல்ல பொதுவான கோப்பையே உருவாக்கின. அட்டையைக் கழற்றிக் கணினியில் செருகினால் சில நிமிடங்களில் பணி முடிந்தது. ஆர்வலருக்கு இக்கருவிகள் அளித்த உண்மையான விடுதலை இதுவே எனலாம்.

கருவியின் விலையைவிட அது வைக்கப்படும் இடமே ஒலியின் தரத்தை முடிவு செய்கிறது. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேராக வந்து சேரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயர்கிறது. அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் அவ்வாறு உயர்வதில்லை. ஆகவே, ஒரு சாண் தூரத்தில் வைக்கப்பட்ட எளிய ஒலிவாங்கி, மேசையின் மறுமுனையில் வைக்கப்பட்ட விலையுயர்ந்த ஒலிவாங்கியைக் காட்டிலும் தெளிவான பதிவைத் தரும். நம் வட்டாரத்து வீடுகளில் குளிரூட்டியும், தகரக் கூரைமேல் பெய்யும் மழையும் பதிவுக்குப் பெரும் இடையூறுகளாகும். நேர்காணலைத் தொடங்குமுன் அவ்வறையின் அமைதியை அரை நிமிடம் தனியே பதிந்து வைத்தல் நலம். பின்னர் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளுக்கு அது மாதிரியாக உதவும்.

மாதிரியெடுக்கும் வீதத்தையும் நாம் கருத வேண்டும். நொடிக்கு 8,000 மாதிரிகள் எடுக்கும் கருவி 4,000 ஹெர்ட்சு வரையிலான ஒலியையே காக்க இயலும். ஸகரம் போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அவ்வெல்லைக்கு மேலே உள்ளது. எனவே, அத்தகைய பதிவில் பேச்சின் பொருள் விளங்கினும், ஒருவர் ஒலிக்கும் முறையின் நுட்பம் இழக்கப்படும். வட்டார வழக்கை ஆராய்வோருக்கு இஃது ஈடுசெய்ய இயலா இழப்பாகும்.

திருத்தமும் சுருக்கமும்

2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரின் முதன்மைத் துணையாயிற்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் ஆகியோர் இதனைத் தொடங்கினர். வெட்டுதல், ஒட்டுதல், இரைச்சல் நீக்குதல் ஆகியவற்றை விலையின்றிச் செய்ய இது வழிவகுத்தது. ஆயினும், முடிந்த நிகழ்ச்சியை எம்.பி.3 கோப்பாக மாற்ற லேம் என்னும் மற்றொரு நிரலைத் தனியே தேடி நிறுவ வேண்டியிருந்தது. எம்.பி.3 நுட்பத்தின்மீது காப்புரிமைகள் இருந்தமையே இதற்குக் காரணம். ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனம் சார்ந்த அவ்வுரிமத் திட்டம் 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவுற்றது. 2019ஆம் ஆண்டு முதல் ஆடாசிட்டியுடனேயே லேம் இணைந்து வருகிறது.

சுருக்குதலின் இயல்பை ஈண்டுத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்னும் அளவில் ஒற்றைத் தடத்தில் பதியப்பட்ட 30 நிமிடப் பேச்சு ஏறத்தாழ 159 மெகாபைட் கொள்ளும். அதனையே முற்கூறியவாறு எம்.பி.3 வடிவில் சுருக்கினால் 14.4 மெகாபைட் ஆகும். அளவு பதினொன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. செவி உணராது எனக் கருதப்படும் கூறுகள் நீக்கப்படுவதால் இது நிகழ்கிறது. நீக்கப்பட்டவற்றை மீட்க வழியில்லை. சுருக்கிய கோப்பைத் திறந்து திருத்தி மீண்டும் சுருக்கினால் இழப்பு மேலும் பெருகும். ஆதலால் எம்.பி.3 என்பது கேட்போருக்கு அனுப்பும் படி. மூலப்பதிவு தனியே காக்கப்பட வேண்டியது.

தமிழ்ப் பெயர்களும் குறிச்சொற்களும்

ஒலிக்கோப்பினுள் நிகழ்ச்சியின் தலைப்பையும் பேசியவர் பெயரையும் பொதித்து வைக்கும் முறைக்கு ஐடி3 என்று பெயர். 1996ஆம் ஆண்டில் உருவான அதன் முதற்பதிப்பு, தலைப்புக்கு 30 பைட் இடமே ஒதுக்கியது. ஆங்கிலத்தில் அது 30 எழுத்துகளுக்குப் போதும். யுனிகோடின் யு.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். ‘மலேசியத் தமிழ்’ என்னும் இரு சொற்களுக்கு மட்டும் 40 பைட் தேவை. எனவே, முதற்பதிப்பில் அவ்விரு சொற்களும்கூட அடங்கா.

1999ஆம் ஆண்டின் ஐடி3 2.3ஆம் பதிப்பு இவ்வெல்லை இன்றி, யுனிகோடின் 16 பிட் வடிவத்தை ஏற்றது. அதனையடுத்து வந்த 2.4ஆம் பதிப்பு யு.டி.எப்.-8 முறையையும் ஏற்றது. ஆயினும், அக்காலத்தில் தமிழர் பலர் டிஸ்கி, டாப், டாம் முதலிய எழுத்துருக் குறியேற்றங்களில் தட்டச்சு செய்து வந்தனர். அவற்றில் பொதிக்கப்பட்ட தலைப்புகள் இன்றைய கருவிகளில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். குரல் நன்கு கேட்கும். பேசியவர் யார் என்பது தெரியாது. பழைய ஒலிக்கோப்புகளை வைத்திருப்போர் அவற்றின் குறிச்சொற்களை யுனிகோடிற்கு மாற்றி வைத்தல் உடனடித் தேவையாகும்.

பரப்பும் தளங்களும் அவற்றின் நிலையாமையும்

கோப்பு உருவானபின் அது ஓரிடத்தில் வைக்கப்பட வேண்டும். ஆர்வலருக்கு இலவச இடம் தர முன்வந்த நிறுவனங்கள் பல. அவற்றின் வரலாற்றை நோக்கின் எச்சரிக்கையே மேலோங்குகிறது. 2005ஆம் ஆண்டில் பெரும் எதிர்பார்ப்புடன் வந்த ஓடியோ என்னும் வலையொலி நிறுவனம், ஐடியூன்சின் போட்டியைத் தாங்க இயலாது வேறு முயற்சிகளுக்குத் திரும்பியது. அங்கு 2006ஆம் ஆண்டில் உருவானதே டுவிட்டர். 2018ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஸ்டிச்சர் செயலி 2023ஆம் ஆண்டில் நின்றது. தொலைவிலுள்ளோரை நேர்காண ஆர்வலர் பெரிதும் நம்பியிருந்த ஸ்கைப் 2025ஆம் ஆண்டு மே மாதத்துடன் முடிவுக்கு வந்தது.

இம்மாற்றங்களுக்கிடையே நிகழ்ச்சிகள் பிழைத்தமைக்குக் காரணம் செய்தியோடையின் திறந்த தன்மையாகும். ஒரு செயலி மூடப்பட்டாலும் கேட்போர் வேறொரு செயலியில் அதே ஓடை முகவரியை இட்டுத் தொடரலாம். இவ்வசதி, முகவரி ஆர்வலரின் சொந்த உடைமையாக இருக்கும்போதுதான் முழுமை பெறுகிறது. கோப்புகள் எந்நிறுவனத்தில் இருப்பினும், ஓடையின் முகவரி தமக்குரிய இணையப் பெயரில் அமைந்திருந்தால், நிறுவனத்தை மாற்றும்போது கேட்போரை இழக்க நேராது. ஒரே தளத்தில் மட்டும் கேட்கக்கூடியதாக நிகழ்ச்சியை ஒப்படைப்பவருக்கு இப்பாதுகாப்பு இல்லை.

உரிமையும் பாதுகாப்பும்

நிகழ்ச்சியின் பின்னணியில் திரைப்பாடலை ஒலிக்கவிடும் பழக்கம் ஆர்வலரிடையே உண்டு. பாடலின் வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகியவை தனித்தனியே உரிமை பெற்றவை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் ஒலிப்பதிவுகளைக் காக்கின்றன. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின்கீழ் வழங்கப்படும் இசையை, உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்துவது தக்க வழியாகும்.

பேசுவோரின் இசைவும் இன்றியமையாதது. மூதாட்டி ஒருவர் தம் பேரன் கேட்பான் எனக் கருதிக் கூறிய குடும்பச் செய்தி, இணையத்தில் ஏறியவுடன் உலகோர் செவிக்குச் செல்கிறது. பதிவு எங்கு வெளியாகும், யார் கேட்கக்கூடும் என்பனவற்றை முன்னரே எடுத்துரைத்து, அவர் ஒப்புதலையும் ஒலியாகவே பதிந்து வைத்தல் நன்று. அவர் நீக்க விரும்பும் பகுதியை நீக்குவதும் நம் கடமையாகும்.

பதிவுகளைக் காக்க விழைவோர் பின்வரும் நெறிகளைக் கைக்கொள்ளலாம். மூலப்பதிவைச் சுருக்காத வடிவிலேயே வைத்தல் முதலாவது. குறைந்தது மூன்று படிகளை உருவாக்கி, அவற்றுள் ஒன்றை வேறோர் இடத்தில் வைத்தல் இரண்டாவது. பேசியவர் பெயர், ஊர், நாள், பேசிய பொருள் ஆகியவற்றை எளிய உரைக்கோப்பாக யுனிகோடில் எழுதி உடன் வைத்தல் மூன்றாவது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்து பார்த்துப் புதிய வட்டுக்கு மாற்றுதல் நான்காவது. 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ், பொதுமக்களின் ஒலிக்கோப்புகளை விலையின்றி ஏற்கிறது. இசைவு பெற்ற பதிவுகளின் ஒரு படியை அங்கும் இடலாம்.

முடிவுரை

வானொலி நிலையமும் ஆவணக் காப்பகமும் தமக்கென வரையறுத்த தேவைகளுக்கேற்பவே குரல்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அவற்றின் கண்ணில் படாத பால்மரத் தொழிலாளியும் கோயிற் பூசாரியும் சிற்றூர் ஆசிரியரும் பேசுவதைப் பதியும் வாய்ப்பு, அருகில் வாழும் ஆர்வலருக்கே பெரிதும் உண்டு. அப்பதிவு பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் நிகழும். பேசியவர் மறைந்தபின் அதனை மீண்டும் எடுக்க இயலாது. கருவிகளும் தளங்களும் இருபதாண்டுகளில் எத்தனை முறை மாறின என்பதை மேலே கண்டோம். அம்மாற்றங்களைக் கடந்து வந்தவை திறந்த வடிவில் அமைந்த கோப்புகளும், பெயரும் நாளும் முறையாகக் குறிக்கப்பட்ட பதிவுகளுமே ஆகும். ஆகவே, புதிய கருவி வாங்குமுன் ஆர்வலர் தம்மிடம் ஏற்கெனவே உள்ள பதிவுகளுள் எவற்றுக்கு இரண்டாம் படி இல்லை என்பதைக் கண்டறிந்து, அப்பணியை முதலில் முடித்தல் வேண்டும்.