‘ரைஃப்’ என்னும் ஆங்கிலப் பெயரடையும் அதன் தமிழ் நிகரன்களும்

ஆய்வுச் சுருக்கம்

பரவல் பொருளுடைய ஆங்கிலப் பெயரடைகள் பலவற்றிற்கும் ‘பரவலான’ என்னும் ஒரே சொல்லை இடுவது மொழிபெயர்ப்பில் பெருவழக்காக உள்ளது. ‘ரைஃப்’ என்பதை மையமாகக் கொண்டு, இச்சொற்களின் பொருள் வேறுபாட்டையும் பொருத்தமான தமிழ் நிகரன்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: ரைஃப், மலிதல், ஒருபொருட் பன்மொழி, இழிபொருட்பேறு, மொழிபெயர்ப்பு.

சொல்லின் வரலாறு

‘ரைஃப்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கிவரும் சொல்லாகும். தொடக்கத்தில் அது மிகுதி, செழிப்பு என்னும் பொருள்களையே தந்தது. அதற்கு இனமான பழைய நார்ஸ் சொல் நன்மை, வள்ளன்மை ஆகியவற்றைக் குறித்தது. இன்றோ ஊழல், நோய், வன்முறை, வதந்தி போன்றவற்றோடே அச்சொல் பெரும்பாலும் சேர்ந்து வருகிறது. இது இழிபொருட்பேற்றின்பாற்படும்.

தமிழில் ‘மலிதல்’ இதனை ஒத்த போக்குடையது. தொல்காப்பியச் செய்யுளியல் கற்பின் கூறுகளுள் ஒன்றாக ‘மலிவு’ என்பதைச் சுட்டுகிறது. ஆண்டு அது மகிழ்ச்சியைக் குறிக்கும். வளம் மலிதல், உவகை மலிதல் என்பன செய்யுள் வழக்கு. இன்றைய உரைநடையிலோ ‘ஊழல் மலிந்த துறை’, ‘பிழை மலிந்த பதிப்பு’ என்பனவே மிகுதி. பண்டம் மிகுந்தால் விலை குறையும் என்னும் தொடர்பால் ‘மலிவு’ குறைந்த விலையையும் உணர்த்தலாயிற்று.

தொடரமைப்பு

‘ரைஃப்’ பொதுவாகப் பெயருக்கு முன் வாராது. பயனிலைப் பகுதியிலேயே வரும். அது இருவகைத் தொடர்களில் அமையும். ஒன்றில் பரவிய பொருள் எழுவாயாகும்: ‘நகரில் வதந்திகள் மலிந்திருந்தன.’ மற்றொன்றில் இடம் எழுவாயாகும்: ‘நகரம் வதந்திகளால் நிறைந்திருந்தது.’ இரண்டாவதனை ‘வதந்திகள் மலிந்த நகரம்’ எனப் பெயரெச்சத் தொடராகவும் தமிழில் அமைக்கலாம். ‘மலி’ என்னும் வினை இவ்விரு நோக்கிற்கும் இடந்தருதலின், அதுவே ‘ரைஃப்’ என்பதற்கு மிக அணுக்கமான நிகரனாகும்.

பிற ஒருபொருட் சொற்கள்

‘வைட்ஸ்பிரெட்’ பரப்பினை நோக்கியது. நன்மை தீமை இரண்டிற்கும் பொது. ‘பரவலான’ இதற்கே உரியது. ‘ரேம்பன்ட்’ அடக்குவாரற்ற பெருக்கத்தைச் சுட்டும். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கத்தைக் குறிக்க மரபுச் சின்னவியலில் அச்சொல் வழங்குகிறது. ‘தலைவிரித்தாடும்’ என்னும் தமிழ்த்தொடர் அதன் வேகத்தைத் தாங்கும். ‘பெர்வேசிவ்’ ஊடே சென்று கலத்தலை உணர்த்தும். எனவே ‘ஊடுருவிய’ எனலாம். தீமையாயின் ‘புரையோடிய’ என்பது பொருந்தும். ‘யுபிக்விட்டஸ்’ என்பதை ‘எங்கும் காணப்படும்’ எனல் தகும். ‘எங்கும் நிறைந்த’ என்பது இறைமைச் சாயல் உடையது.

‘பிரிவலென்ட்’: ஒரு சிக்கல்

‘மேலோங்கி நிற்றல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகத் தோன்றிய ‘பிரிவலென்ட்’, ஓரிடத்தில் அல்லது காலத்தில் நிலவுவதைக் குறிக்கும். இதன் பெயர்ச்சொல் வடிவம் மருத்துவப் புள்ளியியலில் கலைச்சொல்லாகும். அதனைப் ‘பரவல்’ எனப் பெயர்க்குமிடத்துப் பொருள் திரிகிறது. 1,000 பேருள்ள ஊரில் ஆண்டுத் தொடக்கத்தில் 100 பேருக்கு நீரிழிவு இருப்பின், நிலவும் விகிதம் 10 விழுக்காடு. அவ்வாண்டில் 9 பேருக்குப் புதிதாக நோய் தோன்றினால், எஞ்சிய 900 பேரில் புதிதாகத் தோன்றும் விகிதம் 1 விழுக்காடு. சிகிச்சையால் நோயாளர் நெடுநாள் வாழ்ந்தால், புதிய நோயாளர் மிகாதபோதும் முதல் விகிதம் உயரக்கூடும். அவ்வுயர்வினை ‘நீரிழிவுப் பரவல் அதிகரிப்பு’ என்றெழுதினால், தொற்றாத நோய் தொற்றுவதாகவும் மருத்துவத்தின் பயன் தோல்வியாகவும் படிப்போர்க்குத் தோன்றும். ‘நிலவும் விகிதம்’ என்பது இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

முடிவுரை

ஒருபொருட் பன்மொழி எனப்படுவன முற்றும் ஒரே பொருளன அல்ல. பரப்பு, மிகுதி, அடங்காமை, ஊடுருவல், நிலவுகை என்னும் கூறுகளுள் மூலத்தில் எது முதன்மை பெறுகிறது என்பதையும், அச்சொல் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்பதையும் ஆராய்ந்த பின்னரே நிகரனைத் தெரிதல் வேண்டும். அத்தெரிவுக்கு வேண்டிய வேறுபட்ட சொற்கள் தமிழில் முன்னரே வழக்கில் உள்ளன.