வலங்கைமானும் பைங்கிளிகளும்

கிளியை அறியாத தமிழர் ஒருவருமிலர். மதுரை மீனாட்சியம்மையின் கரத்திலே கிளியுண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கரத்திலும் உண்டு. மழலை பேசுங் குழவியைக் கிளியென்றே அழைக்கின்றோம். எனினும், அப்பறவை எங்கே முட்டையிடுகின்றது, எதனை உண்கின்றது என்று வினவினால் விடை கூறுவார் அரியர்.

வலங்கைமானில் குடமுருட்டியாற்றங்கரையிலே மாலைப்பொழுதில் நின்றால், கீச்சென்ற ஒலியுடன் கூட்டங் கூட்டமாகக் கிளிகள் அடைவிடம் நோக்கி விரைதலைக் காணலாம். இவை பெரும்பாலும் ஒரே வகையின. ஆணின் கழுத்தில் கருமையும் செம்மையுங் கலந்த வளையமுண்டு. இதனைப் பழந்தமிழர் செந்தார்ப் பைங்கிளி என்றனர். பறவை நூலார் 1769-இல் இதற்கு இலத்தீனிற் பெயர் சூட்டுதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நம்மவர் அவ்வளையத்தைக் குறித்துவைத்தமை வியக்கற்பாலது. வளையமில்லாத கிளியெல்லாம் பெண்ணென்று நினைத்தல் பிழை. ஆணுக்கும் மூன்றாம் ஆண்டளவிலேதான் வளையம் நிரம்பத் தோன்றும்.

ஏனைப் பறவைகளுட் பலவற்றிற்கு முன்விரல் மூன்றும் பின்விரல் ஒன்றும் இருக்க, கிளிக்கு முன்னிரண்டும் பின்னிரண்டுமாக விரல்கள் அமைந்துள்ளன. அதனாலன்றோ நெற்கதிரைக் காலாற் பற்றி, நாம் கையால் உண்ணுமாறுபோல உண்கின்றது! மேலலகு மண்டையோட்டுடன் கீல் வைத்தாற்போற் பொருந்தி அசைதலின், கொட்டையையும் உடைக்கும். கிளையேறும்போது மூன்றாவது காலாகவும் உதவும்.

கதிரைப் பற்றிய செய்தியை உழவரிடம் கூறினால் அவர் மகிழார். கிளி உண்பதினும் கொய்து சிந்துவது மிகுதி. பழங்காலத்துக் குறமகளிர் தட்டையுங் குளிருங் கவணுங் கொண்டு தினைப்புனங் காத்தனர். வேட்டுத் தொழிலிற் பேர்போன வலங்கைமானுக்கோ ஓசைக்குப் பஞ்சமில்லை. ஓசை கேட்ட கிளிகள் அடுத்த வயலிற் சென்று இறங்குகின்றன, அவ்வளவே.

இனி, சம்பா அறுவடையாகுந் தை, மாசி மாதங்களே இவை முட்டையிடுங் காலமுமாகும். பொந்திலன்றி இவை வாழா. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்துவிட்ட துளையையும், மரத்தில் இயல்பாய் உண்டான பொந்தையும் தேடி மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். இருபத்திரண்டு நாள் அளவில் குஞ்சு பொரிக்கும். பின்னும் ஆறேழு வாரஞ் சென்றே அவை பறக்கும். ஆகவே இரண்டு திங்களுக்கு மேலும் அப்பொந்து அழியாதிருத்தல் வேண்டும்.

இங்கேதான் இடர் எழுகின்றது. மருதநிலத்திலே பெருங்காடு இல்லை. தலையற்று நிற்கும் பனையுந் தென்னையுமே கிளிக்கு மாளிகை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் காவிரிக் கழிமுகத்தில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நின்ற மொட்டை மரங்களையும் அகற்றுக என்பர் வேளாண்மை வல்லார். அழுகிய தண்டிலே காண்டாமிருக வண்டு பெருகி இளந்தென்னைகளைக் கெடுக்கும் என்பது அவர் கூறுங் காரணம். அது மெய்யே, மறுக்கற்பாலதன்று. ஆயினும் அவ்வண்டு எருக்குழியிலும் மிகுதியாய்ப் பெருகுவது. எருக்குழியைப் பாராதிருந்துவிட்டு, காய்ந்து நிற்கும் பனையின்மேல் முதலிற் கோடரி வைத்தல் யாம் ஒப்பாத செயல். 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையிலே, பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டுமென அரசினர் அறிவித்தனர். அதனாற் கிளிகளும் பயன்பெறக் கூடும்.

மற்றோர் இடர் மனிதரின் அன்பினால் வருவது. பேசுமென்ற ஆசையினாற் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்துச் சிறகை வெட்டிக் கூண்டில் அடைக்கின்றனர். கிளி கூட்டமாய் வாழும் இனம். தன் கூட்டத்தாரின் குரலைக் கேட்டுக் கற்பது அதன் இயல்பு. தனித்த குஞ்சுக்கு நம் வீடே கூட்டமாகிவிடுதலின் நம் சொல்லைக் கற்கின்றது. அதனை அறிவென்று மெச்சுகின்றோம். தனிமை என்று எண்ணுவாரில்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இக்கிளியைப் பிடித்தலும் வளர்த்தலுங் குற்றம். நாட்டுப் பறவை வாணிகம் 1990-91-இல் முற்றும் தடுக்கப்பட்டது. 2024 தேர்தற்காலத்திற் கடலூர்ப் பக்கத்துக் கிளி சோதிடர் ஒருவரை வனத்துறையினர் பிடித்தபோதுதான், கூண்டுக்கிளி குற்றம் என்பதைப் பலர் முதன்முதற் கேட்டனர். இதே கிளி இலண்டன் பூங்காக்களிற் கூண்டின்றி ஆயிரக்கணக்காய்ப் பெருகித் திரிதல் வேடிக்கையே.

ஆற்றங்கரையிலே யாம் கண்ட மொட்டைப் பனையொன்றில் மூன்று பொந்துகள் இருந்தன. நிலத்துக்குரிய முதியவர் அதனை விறகுக்கு விலைபேசியிருந்தார். குஞ்சுகள் பறக்கும் நாளைக் கணக்கிட்டுக் கூறினோம். அவர் சிறிதுபொழுது மேலே நோக்கியிருந்து, "கதிரையும் தின்னுச்சு, மரத்தையும் கேக்குதா! சரி, சித்திரை கழியட்டும்" என்றார்.