மலிவு விலை காற்றுத்தர உணரிகளின் அளவுத்திருத்தம்

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு உணரி காட்டும் எண்ணைத் தரமான கருவி ஒன்றின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவதே அளவுத்திருத்தம் ஆகும். தொழிற்சாலைகளை ஒட்டி வாழும் மக்கள் தங்கள் காற்றைத் தாங்களே அளக்க முற்படும்போது இது இன்றியமையாதது. திருத்தப்படாத எண்ணைச் சான்றாக வைத்தால் எளிதில் மறுத்துவிடலாம்.

பின்னணி

கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்த ஊர் குடிகாடு. 2004இல் சிப்காட் பகுதி ஊர்மக்கள் வாளி முறையில் காற்று மாதிரி எடுத்தனர். மூடிய வாளிக்குள் ஒரு பையை வைத்து, வாளியிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளிக்காற்று பைக்குள் நிறையும். அதை ஆய்வகத்துக்கு அனுப்பி வேதிப்பொருள்களைக் கண்டறிவர். 2009இல் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 77.45 புள்ளிகளுடன் கடலூரைக் கடுமையாக மாசடைந்த பகுதியாக வகைப்படுத்தியது.

வாளியில் சில நிமிடக் காற்று மட்டுமே சிக்கும். ஆனால் துல்லியத்துக்கு ஆய்வகம் பொறுப்பு. உணரி இரவும் பகலும் அளக்கும்; அதன் துல்லியத்துக்கோ வைத்திருப்பவரே பொறுப்பு.

பிழை ஏற்படும் விதம்

பி.எம். 2.5 உணரிகள் பெரும்பாலும் துகள்களை எடை போடுவதில்லை. லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைக் கொண்டு அளவை ஊகிக்கின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் துகள்கள் நீரை ஈர்த்துப் பருத்து, ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். கடலோரமான கடலூரில் இது பெரிய சிக்கல். துகளின் வகை, உள்ளே படியும் தூசி, உணரியின் வயது ஆகியவையும் அளவை மாற்றும்.

செய்முறை

1. பீட்டா கதிர் முறையில் இயங்கும் கருவி போன்ற ஒப்பீட்டுக் கருவியின் அருகில், அதே உயரத்தில் உணரியை வைக்க வேண்டும். குடிகாட்டிலேயே தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் உள்ளது.
2. சில வாரங்களுக்கு இரண்டின் மணிநேரச் சராசரிகளையும், வெப்பநிலை, ஈரப்பதத்தையும் பதிவு செய்ய வேண்டும்.
3. அவற்றைக் கொண்டு திருத்தச் சமன்பாடு காண வேண்டும்.
4. சமன்பாடு காணப் பயன்படுத்தாத நாட்களின் தரவில் அதைச் சோதிக்க வேண்டும்.
5. கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு

பர்ப்பிள்ஏர் உணரிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவாக்கிய சமன்பாடு:

திருத்திய அளவு = 0.524 × உணரி அளவு − 0.0862 × ஈரப்பதம் + 5.75

உணரி 100 எனவும் ஈரப்பதம் 80 விழுக்காடு எனவும் காட்டினால், திருத்திய அளவு கன மீட்டருக்குச் சுமார் 51 மைக்ரோகிராம். பி.எம். 2.5க்கு இந்தியாவின் 24 மணிநேர வரம்பு 60. நாள் சராசரிகளாகக் கொண்டால், திருத்தாத எண் வரம்பை மீறுகிறது. திருத்திய எண் மீறவில்லை. ஆயினும் இச்சமன்பாடு அமெரிக்கக் காற்றுக்கு உரியது. குடிகாட்டுக்கு அங்கேயே எடுத்த தரவிலிருந்து தனிச் சமன்பாடு காண வேண்டும்.

வரம்புகள்

துகள் உணரி வாயுக்களை அளக்காது. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடை மனித மூக்கு பில்லியனில் சில பங்கு அளவிலேயே உணரும். மலிவான வாயு உணரிகள் பலவற்றுக்கு மில்லியனில் ஒரு பங்காவது தேவை. எனவே உணரி சுழியம் காட்டுவதால் மட்டும் மக்களின் புகாரைப் பொய் எனத் தள்ளிவிட முடியாது. நாற்றம் வந்த நேரத்தையும் காற்று வீசிய திசையையும் குறித்துவைத்து, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதே அங்கு பொருத்தமான வழி.